கூர் சீவாத சிவப்பு முனை

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் ஃபைலில் கோடு போடுவதற்காகக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பென்சில். நீலப் பக்கம் சீவிச் சீவிக் கரைந்து, பென்சிலே சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது. சிவப்புப் பக்கம் மட்டும் வாங்கியபடியே மொட்டையாக இருக்கிறது. ஒரு தடவைகூட அதில் பிளேடு பட்டதில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் என் மருமகள் அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள். நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். "இது எதுக்கு அத்தை, எழுதக்கூட வராது" என்பாள். எழுத வராதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருவது எரிச்சல். பாதி எரிச்சல் அதை வைத்திருந்த மனிதர் மேல். மீதி யார் மேல் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சொல்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே போவேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பென்சிலுக்குச் சொந்தக்காரர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மாமா. பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். திருவண்ணாமலையைச் சுற்றியிருந்த ஏரிகளின் கரை, மதகு, நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் எல்லாம் அவர் பார்வையில் இருந்தன. மூன்று கால் வைத்த லெவல் கருவியைக் கரையில் ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடி, தூரத்தில் ஒருவன் பிடித்திருக்கும் அளவுகோலின் எண்ணைக் குழாய் வழியே படித்துச் சொல்வார். அவர் படித்தால் ஒரு நூல் பிசகாது என்று ஆபீசில் பெயர். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்கே கொஞ்சம் கர்வம் உண்டு. மாட வீதியில் நின்றுகொண்டு, மலையில் பாதி தூரம் ஏறிவிட்டவன் கட்டியிருக்கும் வேட்டி நாலு முழமா எட்டு முழமா என்று சொல்வார். யாரும் ஏறிப் போய்ப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், "உன் கண்ணாலத்துக்கு மாப்பிள பாக்கறப்ப என்னத்தான் கூப்புடுவீங்க, அப்ப தெரியும் என் கண்ணோட அரும" என்பார். மச்சினிச்சி என்பதால் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் லேப் வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு 'லேபு' என்று பெயர் வைத்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு, மாட வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லேப் என்று எழுதிய பலகைதான் பெரிசு. உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, பத்துப் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்டூல். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டுமென்றால் வேலூருக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் பார்த்தது சிறுநீரில்தான். குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பேன். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் கை மீறிவிட்டது என்று அர்த்தம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஏன் இரண்டு மணி நேரம் என்று நான் கேட்டதில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் சொன்னதில்லை.

மாமாவுக்கு நாற்பது வயது தாண்டிய வருஷம். ஏரிக்கரையில் ஒரு கூஜா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறார் என்றும், சட்டை தோளில் தொங்குகிறது என்றும் அக்கா என்னிடம் வந்து புலம்பினாள். நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். குழாய் கொதிப்பதற்கு முன்னாலேயே செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். நாலே வாக்கியம் சொன்னார். "சக்கரைய விட்டுடுங்க. சோறு கம்மி பண்ணிக்கங்க. ராத்திரிக்கு சப்பாத்தி. இந்த மாத்திரை காலைல ஒண்ணு." அவ்வளவுதான். சப்பாத்தியை எப்படிச் சுடுவது, எதைப் போட்டுச் சுடுவது என்பதைப் பற்றி ஐந்தாவதாக ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று நான் இன்றைக்கும் பொருமுகிறேன்.

எங்கள் வீடுகளில் அதுவரை சப்பாத்தி கிடையாது. ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம், சுட்டதில்லை. அக்கா முதல் நாள் பிசைந்த மாவு செருப்புத் தோலாக வந்தது. மாமா ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. அக்கா அழுதுவிட்டாள். மறுநாள் அதே மாவைக் கடலை எண்ணெயில் நனைய நனையப் போட்டு எடுத்தாள், மெத்தென்று வந்துவிட்டது. எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. மாமாவின் அண்ணன் தம்பிகள் கீழ்பென்னாத்தூரில் கடலை போட்டார்கள். ஆட்டி வடித்த எண்ணெய் டின் டின்னாகப் பஸ் மேல் ஏறி வரும். மாமாவுக்கு நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல், அதன் நடுவில் குழி பறித்து இன்னும் ஒரு கரண்டி எண்ணெய். "சோத்த நிறுத்தியாச்சி. மனுஷன் எதனா தெம்பா துன்ன வாணாமா?" என்பாள். "இத்தனை எண்ணெயா அக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் என்னைப் படித்த முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எண்ணெல ஏதுடி சக்கர?"

எண்ணெயில் சர்க்கரை இல்லைதான்.

மாமா எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். ஆபீசில் கழித்துப் போட்ட, அளவு குறிக்கிற லெவல் புக் ஒன்றைக் கொண்டுவந்து, தேதி, சாப்பிட்டது, நேரம், நிறம் என்று கட்டம் போட்டார். ஏழு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகும் வழியில் என் லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். "இன்னாம்மா லேபு, இன்னிக்கி இன்னா கலரு?" நான் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். முதல் வாரம் காலையில் இட்லி. பச்சையும் மஞ்சளுமாக வந்தது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் அவரிடம் பென்சில் இல்லை. 'ப', 'ம' என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரம், ராத்திரிக்கு நல்லது காலைக்கு ஆகாதா என்று, காலையிலும் சப்பாத்தி. நீலம். மறுநாளும் நீலம். பையிலிருந்து இந்தப் பென்சிலை எடுத்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கட்டத்தை நீலமாகத் தீட்டினார். அப்புறம் இட்லிக்கே மிளகாய்ப் பொடியில் மூன்று கரண்டி எண்ணெய் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்தார். மஞ்சள் வந்த இடத்தில் நீலத்தில் லேசாகப் பச்சை. எண்ணெயைக் குறைத்தால் பச்சை ஏறியது, கூட்டினால் இறங்கியது. மூன்று மாதம் இப்படி மாற்றி மாற்றிச் செய்தார். ஆராய்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் தவறவில்லை, ஒரு நாள் நேரம் பிசகவில்லை. நேரம் பிசகாததுதான் எங்களைக் கவிழ்த்தது.

"மதகு மாதிரிதான் இது" என்று அவர் எனக்கு விளக்கினார். "சோத்துல இருக்கற சக்கர தண்ணி. மதகு தொறந்தே கெடந்தா ரத்தத்துக்குள்ள கபகபன்னு பூந்துடும். எண்ண போயி மதக மூடிடுது. அம்மாந்தான்." எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. மதகை மூடினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க வேண்டியவள் நான். நான் கேட்காவிட்டாலும், மதகை மூடிவிட்டு அடுத்த நாள் கலங்கலைப் போய்ப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர். மூடிய மதகுக்குப் பின்னால் தண்ணீர் ஏறும், கலங்கல் வழியாக ஊற்றும் என்பது அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அது ஏறவில்லை. நீலம் வந்துகொண்டிருந்தது. நீலம் வரும்போது யார் கேள்வி கேட்பார்கள்?

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா மாத்திரையைப் பாதியாக உடைத்தார். நீலம். பாதியையும் நிறுத்தினார். அப்போதும் ஒன்பது மணிக்கு நீலம். "கலரு மாறலியே, மாத்திர எதுக்கு?" என்றார். டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். "அவுருக்கு இன்னா, நாலு வார்த்த பேசவே நேரமில்ல" என்று சிரித்தார். நான் சொல்லவில்லை. ஒரு படி மேலேயும் போனேன். லேபுக்கு வருகிற சர்க்கரைக்காரர்களிடம், கேட்காமலே, "எங்க மாமா ஓவர்சியர், சப்பாத்தில எண்ண ஊத்தியே சக்கரைய நிறுத்திட்டாரு" என்று சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். என் அப்பா வயசு. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முன்னால் என் பேச்சைக் கேட்டு யாரும் தலையாட்டியதில்லை.

அந்த வருஷம் தீபத் திருவிழாவில் பெரிய தேர் ஓடிய நாள். மாமா வீடு மாட வீதிக்கு ஒரு பக்கம், என் லேப் மறுபக்கம். தேர் கிளம்புமுன் தாண்டி வந்துவிடலாம் என்று புறப்பட்டவர், முனையில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். தேர் திருப்பத்தில் நின்றுவிட்டது. முட்டுக்கட்டை போடுவதும் எடுப்பதும், வடத்தைத் தளர்த்துவதும் இழுப்பதுமாக, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், ஒதுங்கக்கூட இடமில்லாமல் மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். லேபுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். "ஏழு மணிக்கு நாலு சப்பாத்தி துன்னது, பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார். திருவிழா என்பதால் டாக்டர் இல்லை, நோயாளிகளும் இல்லை. நான் மட்டும் இருந்தேன். "இன்னிக்கி விட்டுடலாமா மாமா?" என்றேன். "லெவல் புக்குல ஒரு நாளு விட்டா அப்புறம் அது புக்கா?" என்று சின்ன பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார்.

குழாயை விளக்கில் காட்டினேன். நீலம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று என் கண் முன்னாலேயே ஓடி, அடியில் செங்கல் பொடியாகப் படிந்தது. முதல் நாள் பார்த்த அதே நிறம். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து புக்கைப் பிரித்து வைத்திருந்தார். பழக்க தோஷத்தில் நீல முனையைக் கட்டத்தில் வைத்தவர், குழாயைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலைத் திருப்பினார். சிவப்புப் பக்கம் மொட்டையாக இருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சீவவே இல்லியே. பிளேடு இருக்குதா லேபு?" என்று கையை நீட்டினார்.

"இருங்க மாமா, எழுதாதீங்க" என்றேன். "டியூபு சரியா கழுவல போல. நாளைக்கி ஒழுங்கா ஒம்போது மணிக்கு வாங்க, மறுபடியும் பாத்துக்கலாம்."

அவர் முகம் லேசாகியது. "கவர்மெண்டு ஆளு நானு, நாளைக்கி வான்னு சொல்றதுல நீ என்னவிட மோசமா இருக்கியே" என்று சிரித்துவிட்டுப் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தார். நீலம். தேர் நாளுக்கான கட்டம் காலியாகவே நின்றது. அதற்கடுத்த கட்டத்திலிருந்து மறுபடியும் நீலம், பக்கம் பக்கமாக.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷமோ நாலு வருஷமோ போயிற்று. லெவல் கருவியின் குழாயில் தூசி படிந்துவிட்டது என்று மாமா சொல்ல ஆரம்பித்தார். எண்களுக்கு முன்னால் ஒட்டடை தொங்குகிறதாம். வேட்டி முனையால் லென்சைத் துடைப்பார், ஊதுவார், மறுபடி துடைப்பார். ஆபீசில் எழுதிப் போட்டு, கருவியைப் பழுது பார்க்க அனுப்பினார். சுத்தம் செய்து வந்த கருவியிலும் ஒட்டடை இருந்தது. அவர் அளந்து கொடுத்த ஒரு கரை அளவில் அரை அடி வித்தியாசம் வந்தபோதுதான், ஒட்டடை லென்சில் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அரை அடி! நூல் பிசகாதவர்! அக்கா கோவிலுக்கு நடையாய் நடந்தாள். நான் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிந்து வெடித்திருக்கின்றன, பல வருஷமாகச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றார்கள். மாமா பையிலிருந்து லெவல் புக்கை எடுத்து நீட்டினார். "இல்ல டாக்டர், பாருங்க, எல்லாம் நீலம்."

அந்த டாக்டர் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். புக்கைத் தள்ளிவிடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, நாளைக்கு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். கூட வந்திருந்த அக்காவும் நானும் லாட்ஜ் அறையில் ஸ்டவ் பற்றவைத்து அதே சப்பாத்தியை அதே எண்ணெயில் போட்டுக் கொடுத்தோம். சாப்பிடுமுன் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, அதற்குப் பிறகும் விடாமல் மூன்றாம் மணி, நாலாம் மணி, ஐந்தாம் மணி என்று ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் மணியில் சுமாராகத்தான் இருந்தது. மூன்றாம் மணியிலிருந்து ஏற ஆரம்பித்தது. ஐந்தாம் மணியில் உச்சத்தில் நின்றது.

அவர் ஒரு தாளில் இரைப்பையும் குடலும் கணையமும் வரைந்து காட்டினார். கொழுப்பு குடலில் இறங்கியதும் அங்கிருந்து இரண்டு சேதி போகிறதாம். ஒன்று இரைப்பைக்கு: மெதுவாக அனுப்பு. இன்னொன்று கணையத்துக்கு: சாப்பாடு வருகிறது, இன்சுலினைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே விடு. அதனால் முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத் தெரியும். மாவிலிருந்து வர வேண்டிய சர்க்கரையில் பெரும் பங்கு இன்னும் இரைப்பையை விட்டே இறங்கியிருக்காது. அது நிதானமாக வந்து சேரும்போது, ஏற்கனவே நோயில் பலம் குறைந்த கணையம் ஈடு கொடுக்க முடியாமல் நின்றுவிடும். பிறகு பல வருஷம் கழித்து, லேப்காரர்களுக்கு நடத்திய வகுப்புகளில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இன்னும் கொடுமை. ஒரு வேளைச் சாப்பாட்டில் கணையத்தை உசுப்பிவிட்டு இன்சுலினைச் சுரக்க வைக்கிற அதே கொழுப்பு, வருஷக்கணக்கில் ரத்தத்தில் ஜாஸ்தியாகவே நின்றால் கணையத்தின் செல்களை மழுக்கிவிடும். சர்க்கரை வந்து நின்றாலும் இன்சுலின் வேண்டிய அளவு வராது. வந்ததற்கும் உடம்பு சரியாகக் காது கொடுக்காது. எண்ணெய் ஒன்றே அவர் கண்ணைக் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணெய் எங்களுக்கு நீலத்தைக் காட்டியது. நீலத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினோம். மாத்திரை இல்லாமல் போன அந்த வருஷங்கள்தான் கண்ணைத் தின்றன.

டாக்டர் வரைந்து முடிக்குமுன் மாமாவுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் ஓங்கி ஒரு அறை அறைந்துகொண்டார். "மதக மூடிட்டு தண்ணி வத்திப்போச்சின்னு எழுதியிருக்கேன். இத்தினி வருசம் ஏரியப் பாத்தவன் நானு." அவ்வளவு பெரிய மனிதர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் ஊர் டாக்டர் மேல், அக்கா மேல், கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மேல், எனக்குப் பாடம் எடுத்தவர்கள் மேல். யார் மேல் என்றில்லாமல் வந்தது. இரண்டு மணி நேரம் என்று சொன்னார்களே, ஏன் என்று ஒரு வரி சொன்னார்களா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கி, மலை தெரிகிற இடம் வந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பிடித்து மலை இருந்த பக்கம் திருப்பிவிட்டேன். கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லேபு, தேரு நின்னுபோச்சே ஒரு வருசம், அன்னிக்கி நான் எத்தினி மணிக்கி வந்தேன்?"

"பன்னண்டுக்கு மேல மாமா."

"ஏழு மணிக்கி துன்னது. அஞ்சு மணி நேரம்." விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அன்னிக்கி டியூபு சுத்தமாத்தான் இருந்திருக்கும் போல."

"தெரியல மாமா" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ பாவம். நம்ம ரெண்டு பேருமே ரெண்டு மணி நேரத்த நம்பிட்டோம்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஊசி, பத்தியம், எண்ணெய் இல்லாத காய்ந்த ரொட்டி எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஒரு கண் முழுவதும் போய்விட்டது. மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும். வேலையை விட்டுவிட்டார். சாயங்காலங்களில் அக்கா அவரைக் கையைப் பிடித்து வேங்கிக்கால் ஏரிக்கரை வரை அழைத்துப் போவாள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று, "நல்லா பாத்துச் சொல்லுங்க மாமா" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்தான் சிரித்தார். "கொரல் நல்லாருக்குது, கட்டிக்கோ" என்றார். எண்பதுகள் முடியுமுன் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அவருடைய பெட்டியைக் காலி செய்தபோது லெவல் புக்கையும் பென்சிலையும் என்னிடம் கொடுத்தாள். "உங்க ரெண்டு பேரு ஆராய்ச்சி, நீயே வெச்சிக்கோ" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. குத்திக் காட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது என் வீட்டிலேயே ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. எனக்கும் சர்க்கரைதான். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம், ஐந்து விநாடி, எண் வந்துவிடுகிறது. ஸ்பிரிட் விளக்கும் வேண்டாம், நிறமும் வேண்டாம். ஏதாவது கல்யாணத்தில் பூரியும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்தால், இரண்டாம் மணியில் பார்த்ததோடு விடமாட்டேன். நாலாம் மணியிலும் ஐந்தாம் மணியிலும் குத்திப் பார்ப்பேன். மருமகள், "எத்தனை தடவைதான் குத்துவீங்க" என்பாள். எண் உச்சத்தில் நிற்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. கோபம்தான் வருகிறது. இந்த எண் அன்றைக்கும் இதே நேரத்தில் இதே இடத்தில்தான் நின்றது, செங்கல் நிறத்தில், என் கையில்.

தள்ளிப் போட்டது போதும். அந்தக் குழாயை அன்று காலை நான்தான் கழுவினேன். தேர் நாள், வேலை எதுவும் இல்லை. பொழுது போகாமல் பன்னிரண்டு குழாய்களையும் சோப்புப் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, கவிழ்த்துக் காய வைத்திருந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கினேன். அவ்வளவு சுத்தமாக அவை அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. இரண்டு மணி நேரத்தின் சூட்சுமம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, நிஜம். ஆனால் குழாய் சுத்தம் என்பது தெரியும். அந்தச் சிவப்பு நிஜம் என்பது தெரியும். அது புக்கில் ஏறினால் மாமா மறுபடி மாத்திரையைத் தொடுவார், டாக்டரிடம் போவார் என்பதும் தெரியும். அதோடு அந்த வாத்தியாரிடமும் மற்ற மூன்று பேரிடமும் நான் போய், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். இது எல்லாம் மனசில் ஓட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நாலு பேரில் ஒருவரிடம்கூட நான் கடைசிவரை போகவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

மாமாவைப் பிடிவாதக்காரர் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பிடிவாதக்காரர் பென்சிலைத் திருப்பியிருக்க மாட்டார். லெவல் புக்கில் அந்த ஒரு கட்டம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. பிளேடு அன்றைக்கு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, கை எட்டுகிற தூரத்தில். அவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை.